எங்கள் கூரைக்கு மேலே மூன்று விமானங்கள்

என் அண்ணனை விமான நிலையத்தில் பேர்சொல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பார்த்துக்கொண்ட இயந்திரம் நாள் முழுக்கத் தன் பேரையே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் வந்த பட்டம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "பேர் சொல்ல ஒரு பிள்ளை எதுக்கு, மிஷினே சொல்லிட்டு இருக்கே" என்று கேலி செய்வார்கள். அண்ணன் கோபப்பட மாட்டார். "என் பிள்ளை பொய் சொல்லாது. உங்க வீட்ல எப்படி?" என்று திருப்பிக் கேட்பார்.

விமானம் இறங்கும் இடத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மேடு. அதன் உச்சியில் வட்டமான சின்னக் கட்டடம். கூரைக்குப் பதில் பெரிய இரும்புத் தட்டு. தட்டின் நடுவில் வெள்ளையாக ஒரு கூம்பு. நாங்கள் அதைக் கொட்டகை என்போம். பக்கத்தில் இரண்டு அறை வீடு. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நான் அண்ணனோடு வந்துவிட்டேன். வீட்டு வேலையும், மேட்டில் புல் வெட்டுவதும் என் பொறுப்பு. அங்கே புல் உயரமாக வளரக் கூடாது. இரும்பு, தகரம் எதுவும் கிடக்கக் கூடாது. கொட்டகையிலிருந்து போகிற அலை அதில் பட்டுக் கெட்டுவிடும்.

அந்த அலையை வாங்கி, விமானத்தில் ஒரு முள் திரும்பும். கொட்டகையிலிருந்து எந்தத் திசையில் இருக்கிறோம் என்று விமானி அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். கூடவே தந்தி அடிப்பதுபோல நெடிலும் குறிலுமாக ஓர் ஓசை கேட்கும். அது மூன்று எழுத்து. அதுதான் கொட்டகையின் பேர். வீட்டில் ஒரு சின்ன ஒலிபெருக்கி வைத்திருந்தோம். நான் விளக்கேற்றிக் கும்பிடும்போதுகூடப் பின்னால் அந்தப் பேர் கேட்டுக்கொண்டிருக்கும்.

"முள்ளு சும்மாவும் காட்டும் பாப்பா. பேரு கேட்டாத்தான் அது சத்தியம்" என்பார் அண்ணன். எனக்கு நரை வந்த பிறகும் அவருக்கு நான் பாப்பாதான். இயந்திரத்தைக் கழற்றி வேலை பார்க்கும்போது முதலில் பேரை நிறுத்திவிட வேண்டும். பேர் இல்லாத முள்ளை விமானி நம்பக் கூடாது. இது எழுதி வைத்த சட்டம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அண்ணன் அதை மறந்துவிட்டார். பேரை நிறுத்தாமலேயே அலையின் திசையைத் திருகிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது. அடித்தது நான்தான். என் வீட்டுக்காரர் கடையில் மயங்கி விழுந்துவிட்டார் என்று சொன்னேன். அண்ணன் திருகியது திருகியபடி என்னோடு பேசிக்கொண்டு நின்றார். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு விமானம் பேரைக் கேட்டு, முள்ளை நம்பி, மேகத்துக்குள் இறங்கியது. கீழே மரங்களைப் பார்த்ததும் விமானி தூக்கிவிட்டார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கியபின் பார்த்தால் சக்கரத்தில் பச்சை இலை ஒட்டியிருந்ததாம்.

அண்ணனை யாரும் பெரிதாகத் திட்டவில்லை. ஆனால் அவர் அதற்கப்புறம் கொட்டகைக்குள் போன் எடுப்பதில்லை. மணி அடித்தால் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார். நானும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

விமானச் சட்டத்தில் வழி காட்டும் கருவிகளை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். அஞ்சாவதோடு நின்ற எனக்கு, சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் சொல்லிச் சொல்லித்தான் அது புரிந்தது. எங்கள் கொட்டகை போலத் தரையிலிருந்து பேசுகிறவை ஒரு வகை. மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்களைக் கேட்டு இடம் அறிவது இன்னொரு வகை. அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செயற்கைக்கோளைத் துணை என்று எழுதியிருந்தார்கள். அதை மட்டும் நம்பிப் பறக்கக் கூடாது, தரைக் கருவியைக் கேட்கிற பெட்டியும் விமானத்தில் இருக்க வேண்டும். போகப்போக அது மாறியது. செயற்கைக்கோளைக் கேட்கிற விமானங்களையே இரண்டு ரகமாகப் பிரித்தார்கள். இடத்தை மட்டும் காட்டுகிறவை ஒன்று. தன் கணக்கில் சந்தேகம் வந்தால் தானே அலாரம் அடிக்கத் தெரிந்தவை இன்னொன்று. அந்த இரண்டாம் ரகத்துக்கு மலை நடுவிலான பாதைகளையும் திறந்துவிட்டார்கள். செயற்கைக்கோள் முதன்மை ஆயிற்று. நாங்கள் துணை ஆனோம்.

அண்ணனுக்கு அதில் வருத்தம் கிடையாது. "தன்னைத் தானே சந்தேகப்படற மிஷின் பாப்பா. மனுஷனுக்கே வராத குணம்" என்று மெச்சிக்கொள்வார்.

பிறகு ஒரு புதன்கிழமை. அன்று காலை எட்டு மணியோடு எங்கள் கொட்டகையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். விமானிகளுக்கெல்லாம் அறிவிப்பு போய்விட்டது. மூன்று பேர் வந்து காவல் பெட்டியைக் கழற்றினார்கள். அலை சரியாகப் போகிறதா என்று இடைவிடாமல் பார்த்து, தப்பென்றால் எல்லாவற்றையும் தானே அணைக்கிற பெட்டி அது. அதோடு இருந்த இரும்பு அலமாரியையும் வெளியே தூக்கி வந்து, கொட்டகைக்குப் பின்னால் புல்லில் சாய்த்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

"இது இங்க கிடக்கக் கூடாதுங்களே" என்றேன்.

"இனிமே யாரும்மா கேக்கப் போறா? திங்கட்கிழமை வந்து மிச்சத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிடறோம்" என்றார் ஒருவர். சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

அலை அனுப்புகிற இயந்திரத்தை அவர்கள்தான் வந்து அணைக்க வேண்டும், அதுவரை அது ஓடிக்கொண்டிருக்கும். அண்ணன் உள்ளே போய்ப் பேரை மட்டும் நிறுத்தினார். "காவல் இல்லாம பேர் சொல்லக் கூடாது" என்றார்.

வீட்டுக்குள் வந்தேன். ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல் மட்டும் இருந்தது. யாரோ வாயைத் திறந்து, பேசாமல் மூச்சு மட்டும் விடுவது போல. அதை அணைத்துப் பார்த்தேன். அணைத்தால் இன்னும் மோசமாக இருந்தது. திரும்பப் போட்டுவிட்டேன்.

மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிட்டது. மேட்டில் அது புதிதில்லை. ஆனால் அன்றைக்கு வந்தது வேறு மாதிரி. வாசலில் நின்றால் கொட்டகை தெரியவில்லை. காற்றில்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. இரண்டரை மணிக்குப் போன் அடித்தது. விமான நிலையத்து டவரில் வேலை பார்க்கிற பெண். அண்ணன் வீட்டில்தான் இருந்தார். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

"அண்ணே, கொஞ்சம் வெளிய வந்து மேல பாருங்க."

"என்னத்தம்மா பாக்கறது? என் கையே எனக்குத் தெரியல."

"சத்தம் ஏதாவது?"

"ஒண்ணும் இல்லையே. ஏன்?"

"மூணு விமானம் உங்க கூரைக்கு மேல நிக்குது."

"போகுதா?"

"நிக்குதுண்ணே. நகரல. மூணும் ஒரே இடத்துல. நெசம்னா இந்நேரம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு உங்க தலை மேல விழுந்திருக்கணும்." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

விமானங்கள் தாங்கள் இருக்கிற இடத்தைத் தாங்களே சொல்லி அனுப்பும். அது டவர் திரையில் புள்ளியாகத் தெரியும். மூன்று விமானமும் வெவ்வேறு ஊர்களிலிருந்து வருகிறவை. மூன்றும் அந்த நிமிடம் எங்கள் மேட்டின் உச்சியில் அசையாமல் நிற்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தன. யாரோ, எங்கிருந்தோ, செயற்கைக்கோளின் குரலிலேயே அதைவிடச் சத்தமாகப் பொய் சொல்கிறார்கள் என்று அண்ணன் சொன்னார்.

"அலாரம் அடிக்கலையா யாருக்கும்?"

"அதாண்ணே பயமா இருக்கு. எல்லாம் சரியா இருக்கு, ரொம்ப நல்லா இருக்குன்னு காட்டுதாம். ஒருத்தர்கூட ஒரு சின்ன மணிச் சத்தம் கேக்கலங்கறாங்க. இன்னொண்ணு, கடிகாரமும் பின்னாடி போயிடுச்சாம். பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி வருதாம்."

அண்ணன் போனை நோக்கிக் குனிந்தார். "எந்த மாசம்?" என்றார்.

"கேக்கலையே. ஏண்ணே?"

"சும்மாதான்."

என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். பொய் சொல்கிற இயந்திரம் தேதியையும் வாய்க்கு வந்தபடி சொல்லும் என்று பின்னால் விளக்கினார்கள். இருக்கலாம். அந்த நேரத்தில் என் வாய் ஆண்டவனைத்தான் கூப்பிட்டது.

இரண்டு விமானங்களில் எரிபொருள் தாராளமாக இருந்தது. வானம் தெளிவாக இருந்த தூரத்து ஊருக்குத் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டன. மூன்றாவது சின்னது, பழையது. இருபத்தொரு பேர். ஏற்கெனவே ஓர் ஊரில் இறங்க முடியாமல் திரும்பி வந்தது. இன்னும் முக்கால் மணி நேரம்தான் பறக்கும். மேகத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறவரை பயமில்லை. கீழே இறங்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் மலை.

"செயற்கைக்கோளை அணைச்சிட்டாரு" என்றாள் டவர் பெண். "பழைய முள்ளு அவர்கிட்ட இருக்கு. உங்களைத்தான் காட்டுதாம். ஆனா பேர் வரல. பேர் இல்லாத முள்ளை வெச்சு இறங்க மாட்டேங்கறாரு. அண்ணே, பேரைப் போடுங்க."

"பட்டியல்ல நாங்க இல்லையேம்மா."

"பட்டியலை நான் பாத்துக்கறேன். ஆபத்துன்னா விமானி எதை வேணா கேக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு. நீங்க போடுங்க."

"பட்டியல் கிடக்கட்டும். காவல் பெட்டியைக் கழட்டிட்டாங்க. எங்க அலை நேரா போகுதா, கோணலா போகுதான்னு எனக்கே தெரியாது. பேரைப் போட்டா நான் சத்தியம் பண்றேன்னு அர்த்தம். எதைப் பாத்துப் பண்றது?"

"இருபத்தொரு பேர் அண்ணே."

"அதனாலதான் சொல்றேன்."

அண்ணன் நெற்றியைத் தேய்த்தார். "இருபது நிமிஷம் குடும்மா" என்று போனை வைத்தார்.

காவல் பெட்டி வருவதற்கு முந்தைய காலத்து வழி ஒன்று இருந்தது. இரும்புத் தட்டின் விளிம்பைச் சுற்றிப் பதினாறு கொக்கிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு திசை. நீண்ட கம்பியோடு இருக்கிற ஒரு சின்னப் பெட்டியைக் கொக்கி கொக்கியாக மாட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் தன் மேசையில் இருக்கிற முள் அந்தத் திசையைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பார். வருடத்துக்கு இரண்டு முறை நானும் அவரும் செய்கிற வேலைதான். விளிம்புக்குக் கீழே ஒடுக்கமான நடைபாதை ஒன்று சுற்றி வருகிறது. அங்கே நின்று கையைத் தூக்கி மாட்டிவிட்டுக் குனிந்து உட்கார்ந்துவிட வேண்டும். மனித உடம்பு பக்கத்தில் நின்றாலே அலை கெடும்.

ஏறினேன். முதல் கொக்கி. மாட்டினேன், குனிந்தேன். உள்ளிருந்து அண்ணன் "சரி" என்றார். இரண்டாவது. "சரி." மேகத்தில் அடுத்த எண் தெரியவில்லை, விளிம்பைத் தடவித் தடவித்தான் போனேன். இரும்பு ஈரமாக, சில்லென்று இருந்தது. ஐந்தாவது கொக்கிக்கு அருகில் குனிந்திருந்தபோது தலைக்கு மேல் ஓர் இரைச்சல் கேட்டது. விமானம்தான் என்று நினைத்தேன். அது வரவும் இல்லை, போகவும் இல்லை. ஒரே இடத்தில் இருந்தது.

"அண்ணா, மேல எதுவோ இருக்கு."

"இல்ல பாப்பா. அது இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கு. இங்க ரேடியோவுல அவர் பேசறது கேக்குது. நீ மாட்டு."

மாட்டினேன். மேலே பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். எண்ணிக்கொண்டே கும்பிட்டேன். ஒன்பது வரைக்கும் "சரி" வந்தது. பத்தாவதில் வரவில்லை.

"நல்லா குனிஞ்சிருக்கியா?"

"தரையோட தரையா இருக்கேன்."

"மூணு டிகிரி தள்ளுது. அடுத்ததுக்குப் போ."

பதினொன்றிலும் தள்ளியது. அண்ணன் வெளியே வந்துவிட்டார். அவர் முகம் மட்டும் மேகத்துக்குள் மிதப்பது போலத் தெரிந்தது. "இறங்கற பாதை இந்தப் பக்கம்தான் பாப்பா" என்றார். "பேரைப் போட முடியாது. நான் போட மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புல் வெட்டுகிற எனக்கு எந்தத் திசையில் என்ன கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

"அண்ணா, அலமாரி! நேர் கீழ சாய்ச்சிட்டுப் போயிருக்காங்க. கேட்டதுக்கு யாரு கேக்கப் போறாங்கன்னாங்க."

அண்ணன் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு இருவரும் ஓடினோம். தார்ப்பாயை இழுத்துப் போட்டோம். இரண்டு ஆள் கனத்துக்கு மேல் அது. அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது, எனக்கு மூட்டு வலி. "தள்ளுடி, தள்ளுடி" என்று என்னை வாழ்க்கையில் முதல்முறையாக டி போட்டுக் கூப்பிட்டார். அலமாரி புரண்டது. சரிவில் உருண்டு போகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. எதில் முட்டி நின்றது என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தில் சத்தம் அப்படியே நின்றுவிட்டது, மேகம் அதை வாங்கி வைத்துக்கொண்டது போல.

மறுபடி ஏறினேன். பத்து. "சரி." பதினொன்று. "சரி." பதினாறு முடிந்தபோது என் விரல்கள் மடங்கவில்லை. பெட்டியை இறங்குகிற பாதைப் பக்கத்துக் கொக்கியில் மாட்டி விட்டுவிட்டு உள்ளே போனேன். அண்ணன் பதினாறு எண்களையும் நோட்டில் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு, மணியையும் குறித்தார். அத்தனைக்கும் நடுவில் அவர் எழுத்து கோணவில்லை. பிறகுதான் பேரின் சுவிட்சைப் போட்டார்.

நெடிலும் குறிலுமாகக் கொட்டகை பேசியது.

ரேடியோவில் விமானியின் குரல் வந்தது. வயதானவர், அவசரமே இல்லாத குரல். "பேர் கேக்குது. யார் போட்டது? பாத்துட்டுப் போட்டதுதானே?"

அண்ணன் நேராகப் பேசக் கூடாது. அன்றைக்கு மட்டும் கொட்டகைக்குள்ளேயே போன் எடுத்து டவர் பெண்ணிடம் சொன்னார், அவள் விமானியிடம் சொன்னாள்: பதினாறு திசையும் இப்போதுதான் பார்த்தது. காவல் பெட்டி கிடையாது. இயந்திரத்தின் பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார். முள் கொஞ்சம் அசைந்தால் அந்த நொடியே பேர் நிற்கும். பேர் நின்றால் மேலே ஏறிவிட வேண்டும்.

"அது போதும்" என்றார் விமானி.

அண்ணன் ஒரு கையைச் சுவிட்சின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணை முள்ளிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எட்டு நிமிடம் போயிருக்கும். தூரத்தில் ஒரு சத்தம் கிளம்பி, நெருங்கி, பெரிதாகி, எங்கள் தலைக்கு மேல் கடந்தது. தட்டு அதிர்ந்தது. மேசையில் பேனா உருண்டது.

"கொட்டகையைத் தாண்டிட்டேன். இறங்கறேன்" என்றார் விமானி.

போனில் டவர் பெண்ணின் குரல் தாழ்ந்து வந்தது. "அண்ணே, திரையில இன்னும் மூணும் உங்க மேலதான் நிக்குது. போன ரெண்டும் அங்க போய்த் தரையிறங்கியாச்சு. ஆனா இங்க நிக்குது."

"திரையைப் பாக்காதம்மா. ஜன்னலைப் பாரு."

நெடில், குறில், நெடில் என்று பேர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஆண்டவனிடம் நான் வாழ்நாளில் கேட்டு வாங்கியதையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இதை மட்டும் கொடு என்றேன்.

"விளக்கு தெரியுதுண்ணே!" என்று அவள் கத்தினாள். "நேரா வராரு. நூல் பிடிச்ச மாதிரி வராரு. தொட்டாச்சு... தொட்டாச்சுண்ணே!" அழுகையும் சிரிப்புமாக வந்தது. "பேர்சொல்லி, நீங்க நல்லா இருக்கணும்."

அண்ணன் முதல் வேலையாகப் பேரை நிறுத்தினார். அந்த நேரத்தையும் நோட்டில் எழுதினார். அதற்கப்புறம்தான் முகத்தைக் கையில் மூடிக்கொண்டார். நான் அவர் தலையில் கை வைத்தேன். "அன்னைக்கு நான் போன் பண்ணியிருக்கக் கூடாதுண்ணா" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. "லூசு மாதிரி பேசாத. உன் புருஷனுக்கு உடம்பு சரியில்லன்னா என்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லுவ?" என்றார்.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். தன்மையான மனிதர். எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்.

"பட்டியலை விட்டு எடுத்ததுக்கு அப்புறம் பேர் போட்டீங்களா?"

"ஆமாங்க. பாத்துட்டுத்தான் போட்டேன்."

அதிகாரி நோட்டில் இருந்த பதினாறு எண்களையும் விரல் வைத்துப் பார்த்தார். அடுத்த வரிக்குப் போனார். விமானம் எந்த வகைக் கருவியைக் கொண்டு இறங்கியது என்று அங்கே கேட்டிருந்தது. இரண்டு கட்டம். ஒன்று செயற்கைக்கோள். இன்னொன்று பட்டியலில் உள்ள தரைக் கருவி.

"செயற்கைக்கோள்னு போட முடியாது" என்றார். "அது பொய் சொல்லிடுச்சு. தரைக் கருவின்னும் போட முடியாது. அன்னைக்குக் காலைல எட்டு மணியோட நீங்க சட்டப்படி இல்ல. கண்ணால பாத்து இறங்கினாருன்னும் எழுத முடியாது, அவ்வளவு மேகம்." பேனாவை வைத்தார். "அப்ப எதைங்க பிடிச்சுக்கிட்டு வந்தாங்க?"

அண்ணன் சிரித்தார். "உங்க கட்டத்துல இடம் இல்லன்னா நான் என்னங்க பண்றது?"

அதிகாரி நெடுநேரம் யோசித்து, இரண்டு கட்டத்தையும் வெறுமையாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த விமானம் எந்த வழியாகவும் வரவில்லை என்றுதான் இன்றுவரை காகிதத்தில் இருக்கிறது. அதில் வந்த இருபத்தொரு பேரும் அன்று சாயங்காலமே அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.